கோபம் போய்விட்டது என்று சபையில் சாட்சி சொன்னேன். போகவில்லை. என்ன செய்வது?

மாங்காவண்டி (காவேரிப்பட்டணம்) கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பெயர் வேண்டாம். எனக்கு வயது 41. கடனில் எடுத்த ஒரு டாட்டா ஏஸ் வைத்திருக்கிறேன், இன்னும் 14 தவணை பாக்கி. மற்ற மாதங்களில் சிமெண்ட், தவிடு, கல்யாணப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவேன். மே கடைசியிலிருந்து ஜூலை வரை மாங்காய்தான். தோப்பிலிருந்து மண்டிக்கு, இல்லாவிட்டால் நேராகக் கூழ் ஃபேக்டரிக்கு.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பெங்களூரா ரக மாங்காய் அறுப்பு மும்முரமாக இருக்கும்போது ஃபேக்டரி வாசலில் வண்டி வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க ஸ்டியரிங் மேல் தலை வைத்துக் கிடக்க வேண்டும். காய் வெயிலில் வாடினால் எடை குறையும், தோப்புக்காரர் போன் போட்டு என்னைத்தான் கேட்பார். டோக்கன் கொடுக்கிற பையனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. "யோவ், ஓரமா போடுய்யா" என்பான். நானும் "சரிங்க சார்" என்று ஓரமாகப் போடுவேன்.

வீட்டுக்காரி பிறந்தது கிறிஸ்தவக் குடும்பம், நான் அப்படி இல்லை. 2018ல் குடியை விட்டேன். அடுத்த வருஷம் கே.ஆர்.பி. டேம் தண்ணீரில் ஞானஸ்நானம் எடுத்தேன். குடி நிஜமாகவே போய்விட்டது, அதில் பொய் இல்லை. கோபம்தான் போகவில்லை. போதாததற்கு, போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எழுந்து நின்று, "குடியிலிருந்து விடுவித்த கர்த்தர் என் கோபத்தையும் எடுத்துப்போட்டார்" என்று சாட்சி சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். சபை முழுக்க அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரி முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை. முந்தின ராத்திரி வரிசையில் கிடந்துவிட்டு, தூங்காமல் அடுத்த லோடுக்குத் தோப்புக்குப் போனேன். பையன் ஏழாவது படிக்கிறான், லீவு என்று கூட வந்தான். கிரேட் தூக்கிக் கொடுக்கும்போது அவன் கை நழுவி, காய் அத்தனையும் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. தார்ப்பாய் கட்டுகிற கயிறு என் கையில் இருந்தது. அதாலேயே வீசிவிட்டேன். இரண்டு அடியா மூன்று அடியா என்றுகூட ஞாபகம் இல்லை. அவன் அழவில்லை. வாய்க்காலில் இறங்கி ஒவ்வொரு காயாகப் பொறுக்கி, சட்டையில் துடைத்துத் துடைத்துக் கிரேட்டில் வைத்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சார் கையைப் பார்த்துவிட்டு என்னடா இது என்று கேட்டிருக்கிறார். "மாங்காப்பால் பட்டுடுச்சு சார்" என்று சொல்லியிருக்கிறான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், காம்பு ஒடித்ததும் பீய்ச்சி அடிக்கிற பால் தோலில் பட்டால் வெந்து கருத்துப்போகும். சீசனில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கையில் அந்தக் கருப்பு இருக்கும். சாரும் நம்பிவிட்டார்.

இதை என்னிடம் சொன்னது வீட்டுக்காரி. "உங்களுக்காகப் பொய் சொல்லக் கத்துக்கிட்டான்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் ஜெபிக்காமல் இல்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தேன். நாலாம் நாள் காலையில் சட்னியில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பையன் டிவியை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுகிறான். நான் இரட்சிக்கப்படவே இல்லையோ? பாஸ்டரிடம் சொன்னால் சபையில் என்ன நினைப்பார்கள்? அவர்களுக்கு நான் "சாட்சி பிரதர்".

கிருபையின்_மகள் (ஓசூர்):

பிரதர், அது கோபத்தின் ஆவி. மூன்று நாள் உபவாசம் பத்தாது, 21 நாள் எடுங்கள். வீட்டு நிலைக்கு எண்ணெய் பூசி ஜெபியுங்கள். கர்த்தர் பெரியவர். நாங்களும் ஜெபித்துக்கொள்கிறோம்.

ஊத்தங்கரை_வாத்தியார்:

நான் உங்கள் மதம் இல்லை, முருகனைக் கும்பிடுகிறவன். தமிழ் வாத்தியார் என்பதால் வாய் சும்மா இருக்கவில்லை, மன்னிக்கவும்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. டோக்கன் பையன் "யோவ்" என்கிறான், நீங்கள் "சரிங்க சார்" என்கிறீர்கள். அங்கே ஆவி எதுவும் உங்களைப் பிடித்து ஆட்டவில்லையே? அவனைத் தொட்டால் லோடு திரும்பிவிடும் என்று உங்கள் கோபத்துக்கே கணக்குத் தெரிந்திருக்கிறது. வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே இந்த இடத்தில்தான்:

செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கினென் காவாக்கால் என்.

கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்கினவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். ஃபேக்டரி வாசல் உங்களுக்குச் செல்லாத இடம். வீடு செல்லுகிற இடம். 25 வருஷமாக இந்தக் குறளை வகுப்பில் நடத்துகிறேன். என் வீட்டிலும் செல்லுகிற இடம் ஒன்று உண்டு என்பதைப் பெண்டாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

கிருபையின்_மகள் (ஓசூர்):

ஐயா, இது விசுவாசிகளுக்கான கேள்வி. குறள் நல்லதுதான், ஆனால் குறள் இரட்சிக்காது.

ஊத்தங்கரை_வாத்தியார்:

சரிம்மா. பையன் கைத்தழும்புக்கு எண்ணெயை அங்கே பூசச் சொல்லுங்கள், நிலைக்கு அப்புறம் பூசலாம்.

பழைய_லாரிக்காரன் (தர்மபுரி):

சண்டை வேண்டாம், இரண்டு பேரும் நல்ல மனசில்தான் சொல்கிறீர்கள்.

தம்பி, நான் 31 வருஷம் லாரி ஓட்டினவன். இப்போது கண் சரியில்லை, விட்டுவிட்டேன். நாங்கள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். கோவிலூர் பக்கம் பரம்பரையாகவே பூசைக்குப் போகிற குடும்பம். உனக்காவது நடுவில் வந்த வழி, எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கின நாக்கால் திங்கட்கிழமை மகளை நாய் என்று திட்டியிருக்கிறேன். திட்டினது மட்டும் என்றால் பரவாயில்லை.

நீ டிரைவர், உன் பாஷையிலேயே சொல்கிறேன். தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கம் இறங்கியிருப்பாய். அங்கே கவிழ்கிற வண்டியில் நிறைய பிரேக் இல்லாமல் போனது கிடையாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, வேகம் ஏறினதும் பிரேக்கை மிதி மிதி என்று மிதித்து, லைனர் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்னாலேயே கியரைக் குறைத்தவன் பேசாமல் இறங்கிப் போவான். நீ பண்ணுகிற ஜெபம், உபவாசம் எல்லாம் பாதி இறக்கத்தில் பிரேக் மிதிப்பது மாதிரி இருக்கிறது. கயிறு கைக்கு வந்த பிறகு "ஆண்டவரே" என்றால் அவர் என்ன செய்வார்? உன் இறக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார். தோப்பில் இல்லை. முந்தின ராத்திரி வரிசையில், தூக்கமில்லாமல், "சரிங்க சார்" என்று விழுங்கினாயே, அங்கேதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீளமாகத்தான் வரும். பெரிய மகள் காலேஜில் படிக்கும்போது, டெல்லி டிரிப் முடிந்து 19 நாள் கழித்து வீட்டுக்கு வருகிறேன். அவள் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். யார், என்ன என்று கேட்கவில்லை. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்து, அவளையும் அடித்தேன். பேசினது கூடப் படிக்கிற பெண்ணோடுதான் என்று அப்புறம் தெரிந்தது. தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பன் இல்லையா!

அந்தத் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கம்போல "கோபப்பட்டேன் சாமி" என்று ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்த்தேன். புதுசாக வந்திருந்த சாமியார் விடவில்லை. "யார் மேல? எதால அடிச்சீங்க? அப்ப அவங்க முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. அபராதமாகப் பத்து அருள் நிறை மந்திரம் (மாதா ஜெபம்) சொல்லச் சொல்வார் என்று பார்த்தால், "போய் மகள்கிட்ட என்ன செஞ்சேன்னு அவ காதுபட சொல்லுங்க. மன்னிச்சிடுன்னு கேக்காதீங்க, செஞ்சதை மட்டும் சொல்லுங்க" என்றார். காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இயேசு சொன்னதை எத்தனை பூசையில் கேட்டிருப்பேன்? எனக்குச் சொன்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொல்ல எனக்கு ஐந்து மாசம் ஆனது. நடுவில் பி.பள்ளிப்பட்டி மாதா கோயிலுக்குக்கூட நடந்தே போய்வந்தேன். 40 கிலோமீட்டர் நடந்தாலும் நடக்கலாம் போலிருக்கிறது, மகள் இருந்த அறைக்கு நாலு அடி நடக்க முடியவில்லை.

இன்னொன்றும் அந்தச் சாமியார் சொன்னார். மோசேயிடம் கடவுள் பாறையோடு பேசு என்றார். ஜனங்கள் மேல் இருந்த எரிச்சலில் மோசே கோலால் இரண்டு தரம் அடித்தார். தண்ணீர் வந்ததா வரவில்லையா? வந்தது! அதுதான் ஆபத்து என்றார். அடித்தால் வேலை நடக்கிறது. உன் பையன் வாய்க்காலில் இறங்கிக் காய் பொறுக்கினானே, அதுவும் அந்தத் தண்ணீர்தான் தம்பி. ஆனால் வாக்களித்த நாட்டுக்குள் மோசே கால் வைக்கவில்லை.

மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவள் இருப்பது பெங்களூரில். என்னோடு அதிகம் பேசமாட்டாள், மே மாசம் பேத்தியை மட்டும் பத்து நாள் அனுப்புகிறாள். அதுவே எனக்குப் பெரிது. உன் பையன் இன்னும் வீட்டில் இருக்கிறான். எனக்கு அந்த நேரம் போய்விட்டது.

அரூர்_சிஸ்டர்:

நான் அந்தப் பையன் இடத்தில் இருந்தவள். "கதவு இடிச்சிடுச்சு மிஸ்" என்று சொன்னவள். இப்போது ஒரு மருத்துவமனையில் நர்ஸ்.

என் அப்பா சபையில் மூப்பர். வீட்டில் ராத்திரி கைநீட்டிவிட்டு, காலையில் குடும்ப ஜெபத்தில் கண்ணீர் விடுவார். விட்டுவிட்டு, "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு இயேசு சொல்லியிருக்காரு" என்று அம்மாவையும் என்னையும் பார்ப்பார். நாங்கள் "சரிப்பா" என்போம். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த வசனத்தை இன்றைக்கும் என்னால் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. அதனால் அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன், பையனிடம் போகும்போது வசனம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவன் உங்களைத் தேற்ற வேண்டிவரும், 12 வயதுப் பையனுக்கு அது வேலை இல்லை. லாரிக்கார ஐயாவிடம் சாமியார் சொன்னதுதான் சரி.

பைபிளில் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்கள் சபையில் அதற்கு முந்தின வசனம், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்பது, சுவரில் தொங்கியது. இது தொங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். அவன் சொன்ன பொய்யை அவனே சுமக்க விடாதீர்கள்.

நர்ஸாக ஒரு வார்த்தை. தூங்காத உடம்பு கோபத்துக்குத் திறந்துவைத்த கதவு. குடியை விட்டவர்கள் பலருக்கு, அதுவரை குடிக்குக் கீழே அமுங்கிக் கிடந்ததெல்லாம் மேலே வரும். அதற்காக விசுவாசம் இல்லை என்று அர்த்தமில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி வரிசையில் நிற்கும்போதுகூடப் பேசலாம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஜெபிக்கிறோம் இல்லையா? அப்புறம் அண்ணி இதைப் படித்தால் அவர்களுக்கு: உதவி கேட்கப் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. அண்ணாவுக்கு விரோதமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் அம்மாவுக்கு இந்த மாதிரி ஒரு நம்பர் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிருபையின்_மகள் (ஓசூர்):

அரூர் சிஸ்டர், உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். 21 நாளை விடுங்கள் பிரதர், முதலில் பையனிடம் போங்கள்.

மாங்காவண்டி (காவேரிப்பட்டணம்):

எல்லோருடையதையும் படித்தேன். வாத்தியார் ஐயா எழுதினதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் வரிசையில் நிற்கும்போது அந்தப் பையன் "யோவ்" என்றான், நான் "சரிங்க சார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் குறள் ஞாபகம் வந்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பாஸ்டரிடம் போன புதன்கிழமை சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீங்க சாட்சி சொன்ன அன்னிக்கே சிஸ்டர் முகத்தைப் பார்த்தேன். கேட்டிருக்கணும், கேக்காம விட்டது என் தப்பு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து திருத்திச் சொல்கிறேன் என்றேன். "இப்ப வேண்டாம், அதுவும் இன்னொரு சாட்சியாயிடும். வீட்ல முடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன் வாசல் திண்ணையில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கொஞ்சம் தள்ளிப்போனான். "சனிக்கிழமை கயித்தால அடிச்சேன். உன் மேல தப்பில்லை, கிரேட் கனம். நீ சார்கிட்ட மாங்காப்பால்னு சொன்னே. அது மாங்காப்பால் இல்லை, நான் அடிச்சது. திங்கட்கிழமை நானே வந்து சார்கிட்ட சொல்றேன்" என்றேன். வசனம் சொல்லவில்லை சிஸ்டர். அழுகை வந்தது, வண்டியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அவன் அட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். ரொம்ப நேரம் கழித்து, "அந்தக் கயிறு இன்னும் வண்டியிலதான் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "வேற வாங்கிடுங்கப்பா" என்றான். என்ன கலர் என்று கேட்டேன். நீலம் என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சார் உட்காரக்கூடச் சொல்லவில்லை, நின்றபடியே கேட்டார். இன்னொரு தடவை கையில் எதையாவது பார்த்தால் 1098க்குப் போன் போடுவேன் என்றார். "சரிங்க சார்" என்றேன். இந்த "சரிங்க சார்" வேற மாதிரி இருந்தது, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்காரி இன்னும் சரியாகப் பேசவில்லை. நேற்றுக்கூட மோட்டார் போடவில்லை என்று குரல் உயர்ந்தது. பாதியில் நிறுத்தினேன், ஆனால் உயர்ந்தது உயர்ந்ததுதான். 14416க்கு ஒரு தடவை போட்டேன், ஒரு பெண் பேசினார். அடுத்த வாரம் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். போவேன்.

லாரிக்கார ஐயா, கியர் குறைக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் ஊருக்குத் திரும்புகிற முனையில் ஒரு புளியமரம், பக்கத்தில் அடிபம்பு. ராத்திரி லோடு இறக்கி வருகிற நாளெல்லாம் அங்கே பத்து நிமிஷம் வண்டியை நிறுத்துகிறேன். முகம் கழுவி, ஃபேக்டரி வாசலில் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கர்த்தரிடம் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கெட்ட வார்த்தையும் வருகிறது, அவர் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன். அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

இதையும் அங்கே நிறுத்தித்தான் எழுதுகிறேன். நீலக் கயிறு 20 மீட்டர் வாங்கியாயிற்று, பக்கத்து சீட்டில் இருக்கிறது. போன் போட்டேன், பையன்தான் எடுத்தான். பின்னால் டிவி சத்தம் கேட்டது. வண்டியை எடுக்கிறேன்.